கிளினிக்ல எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க: நடக்குறது, ஏறுறது, ஒடம்ப அசைக்கிறது

நான் நுவரெலியா மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா வேல செய்றேன். கிளினிக் நாள்ல பிரசர் பாக்குறது, எட பாக்குறது, சீனி பாக்க விரல்ல குத்துறது எல்லாம் என் வேலதான். டொக்டர் கார்டுல மருந்த எழுதிட்டு கடைசியா "தெனமும் எக்சசைஸ் செய்யுங்க"ன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புவாரு, வெளிய வந்ததும் நம்ம ஆளுங்க கார்ட கையில வச்சிக்கிட்டு எங்கிட்டதான் கேப்பாங்க, அது என்னா மிஸ்ஸி எக்சசைஸ், எங்க செய்றது, எனக்கு எதுக்கு அதுன்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிக்கிட்டு இருந்தத இங்க ஒரே எடத்துல எழுதுறேன். வீட்டுல வாசிக்க ஏலாத பெரியவங்க இருந்தா வாசிச்சு காட்டுங்க.

30 வருஷம் மலையில ஏறி எறங்கி கொழுந்து எடுத்தவ நான். இன்னமும் நட நடன்னு சொல்றீங்களே, நியாயமா மிஸ்ஸி?

இந்த கேள்வி வராத கிளினிக் நாளே கெடையாது, கேக்குறவங்க பக்கம் நியாயமும் இருக்கு. எங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான். காலையில பெரட்டுக்கு போறதுல இருந்து சாயங்காலம் மடுவத்துல கொழுந்து நிறுத்து முடிக்கிற வரைக்கும் அவங்க உக்காந்து நான் பாத்ததில்ல. ஈ.பி.எஃப் காச எடுத்துட்டு வேலைய விட்டு நின்ன அன்னைக்கு "இனி நான் எந்திரிக்கவே மாட்டேன்"னு சொன்னாங்க, நாங்களும் சந்தோசப்பட்டு ஒரு பிளாஸ்டிக் கதிரைய வாங்கி லயத்து வாசல்ல போட்டோம். ரெண்டு வருஷம் அந்த கதிரதான். சாப்பாடு மட்டும் வேல செஞ்ச காலத்து அளவு, காலையில தடியா ரெண்டு ரொட்டி, நாளைக்கு அஞ்சு தடவ சீனி போட்ட பிளேன்டீ. மூணாவது வருஷம் கால் பெருவிரல்ல ஒரு புண்ணு ஆறவே இல்லன்னு கூட்டிட்டு வந்தப்பதான் சீனி வருத்தம் இருக்குறதே எங்களுக்கு தெரிஞ்சிச்சு. நான் அப்ப மிஸ்ஸியா வேலைக்கு சேந்து நாலு வருஷம், சொந்த அம்மாவோட விரல்ல ஒரு தடவ குத்தி பாக்கணும்னு எனக்கு தோணல.

அதனால சொல்றேன். முந்தி எவ்வளவு ஒழச்சிருந்தாலும் அது இன்னைக்கு சாப்புட்ட ரொட்டிக்கு கணக்காகாது. அசையுறத நிப்பாட்டின ரெண்டு மூணு கெழமையிலேயே தசையில மாத்தம் ஆரம்பிச்சிரும், ரத்தத்துல இருக்குற சீனிய முந்தி மாதிரி வேகமா எடுக்காது, மூச்சு வாங்குறது கூடும், காலு மெலியும். ஒழைச்சு தேஞ்ச ஒடம்புக்கு ஓய்வு கட்டாயம் வேணும், ஆனா ஓய்வுன்னா பாரம் தூக்காம, யாரும் வெரட்டாம இருக்குறதுதான், கதிரையிலேயே கெடக்குறது இல்ல. வேல நிக்கட்டும், நட நிக்கக்கூடாது.

சரி, நான் இன்னும் வேலைக்கு போறவ. அப்ப எனக்கு இதெல்லாம் தேவையில்லதானே?

ஒரு பக்கம் ஆமா. தெனமும் ஏத்தம் ஏறுறவங்களுக்கு நான் மேல போய் நடங்கன்னு சொல்றதில்ல. ஆனா வேலைக்காக அசையுறதும் நமக்காக அசையுறதும் ஒடம்புக்கு ஒண்ணு இல்ல. டென்மார்க் மாதிரி நாடுகள்ல இத நெறைய ஆராஞ்சிருக்காங்க, விருப்பப்பட்டு நடக்குறவங்க இருதயத்துக்கு கெடைக்கிற நன்ம, நாள் முழுக்க பாரம் தூக்குற வேல செய்றவங்களுக்கு அதே மாதிரி கெடைக்கிறதா தெரியல. மணிக்கணக்கா ஒரே மாதிரி நிக்கிறது, பாரம், எளைப்பாற நேரம் இல்லாதது எல்லாம் அதுக்கு காரணம்னு சொல்றாங்க. நம்ம மலைக்கு இது அப்புடியே பொருந்தும், கிலோ முடியணுமேன்னு எடுக்குற ஒடம்பு களைக்கிற நேரத்துல நிக்க ஏலாது.

கொழுந்து எடுக்குறப்ப ஒடம்பு நிக்கிற வெதத்த யோசிச்சு பாருங்க. கூடக்கயிறு தலையில, கழுத்து முன்னுக்கு, ரெண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால, ஒரு கால் மேட்டுல ஒரு கால் பள்ளத்துல. எட்டு மணி நேரம் இதே நெலதான். அதனால வேலைக்கு போறவங்க செய்ய வேண்டியது இதுக்கு எதிர்ப்பக்கம். வீட்டுக்கு வந்து மொகம் கழுவினதும் வாசக்கதவு நெலையில நில்லுங்க, ரெண்டு கையாலயும் ரெண்டு பக்க நெலையையும் தோள் உயரத்துல புடிச்சிக்கிட்டு ஒரு காலடி முன்னுக்கு வைங்க, நெஞ்சு விரியுறது தெரியும். மெதுவா மூச்சு விட்டுக்கிட்டு 20, 30 எண்ணுங்க, மூணு தடவ போதும். பெறகு சுவத்துல முதுக வச்சு நின்னு தாடைய உள்ளுக்கு இழுத்து பின்தலைய சுவத்துல அழுத்துங்க, கடைசியா இடுப்புல கைய வச்சிக்கிட்டு பின்னுக்கு கொஞ்சம் வளைங்க. மொத்தமா அஞ்சு நிமிஷம் போகாது. ராத்திரி தோள் கடுக்குதுன்னு தைலத்துக்கே காசு செலவழிக்கிற அக்காமாருக்கு இதத்தான் மொதல்ல சொல்லி குடுப்பேன்.

தெனமும் எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன அளவு, பெரியவங்களுக்கு ஒரு கெழமைக்கு 150ல இருந்து 300 நிமிஷம், நடுத்தர வேகத்துல. நாளைக்கு 30 நிமிஷம்னு அஞ்சு நாள் செஞ்சா 150 வந்துரும். மூச்சு வாங்க ஓடுறவங்க, வேகமா ஏத்தம் ஏறுறவங்களுக்கு அதுல பாதி, 75ல இருந்து 150. அதோட கெழமையில ரெண்டு நாளாவது தசைக்கு பலம் குடுக்குற வேல.

நடுத்தர வேகம்னா என்னான்னு கேப்பாங்க. கூட வாறவங்களோட கதைக்க ஏலணும், ஆனா பாட்டு பாட ஏலாது, அவ்வளவுதான். ஏத்தத்துல இந்த அளவு சீக்கிரம் வந்துரும், அதனால கொழும்புல சமதரையில நடக்குறவங்க அளவு வேகம் உங்களுக்கு வேணாம், மெதுவா ஏறினாலே கணக்குல சேரும். ஒரே மூச்சுல 30 நிமிஷம் நடக்கணும்னும் இல்ல. முந்தி ஒரு தடவைக்கு 10 நிமிஷமாவது இருக்கணும்னு சொன்னாங்க, 2020ல அத எடுத்துட்டாங்க, தண்ணி எடுக்க போற அஞ்சு நிமிஷமும் சேத்திதான்.

போன்ல 10,000 ஸ்டெப்ஸ் காட்டணுமாமே? எனக்கு 4,000 தாண்டுறதே இல்ல.

அந்த 10,000 எந்த டொக்டரும் அளந்து சொன்ன கணக்கு இல்ல. 1965ல ஜப்பான்ல ஒரு கம்பனி காலடி எண்ணுற மெஷின் ஒண்ண விக்க வந்துச்சு, அதுக்கு வச்ச பேரே பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம் வாற பேரு, அப்புடியே உலகம் பூரா பரவிருச்சு. 2019ல அமெரிக்காவுல சராசரி 72 வயசு அம்மாமார வச்சு செஞ்ச ஒரு ஆய்வுல, நாளைக்கு 2,700 அடி நடந்தவங்கள விட 4,400 அடி நடந்தவங்க சாவு எண்ணிக்க நல்லாவே கொறஞ்சிருந்துச்சு, 7,500 வரைக்கும் நன்ம கூடிக்கிட்டே போயி அதுக்கு மேல பெருசா மாறல. அதனால 4,000 நடக்குறவங்க மனசு விடவேண்டியதில்ல, இன்னும் ஒரு ஆயிரம் சேருங்க. இன்னொண்ணு, போன் அடியத்தான் எண்ணும், மேட்ட எண்ணாது, நம்ம ஊரு 4,000 அடி நீர்கொழும்பு கடக்கர 4,000 இல்ல.

மாத்திர குடிக்கிறேனே, பெறகு எதுக்கு நடக்கணும்? நடந்தா சீனி கொறையுமா என்னா?

கொறையும், அது எப்புடின்னு தெரிஞ்சா நீங்களே நடப்பீங்க. சாப்பாட்டுல இருந்து வாற சீனி ரத்தத்துல ஓடுது, அது தசைக்குள்ள போகணும்னா சாதாரணமா இன்சுலின்தான் கதவ தெறக்கணும். சீனி வருத்தக்காரங்களுக்கு அந்த கதவு இறுகி கெடக்கு. ஆனா தசை வேல செய்யுறப்ப, சுருங்கி விரியுறப்ப, இன்சுலின் இல்லாமலே இன்னொரு வழியா சீனிய உள்ள எடுக்கும். அதனாலதான் ராத்திரி சோறு சாப்புட்டு உடனே படுக்காம 10, 15 நிமிஷம் லயத்துக்கு முன்னால நடங்கன்னு கெஞ்சுறேன். நடந்த பெறகும் அந்த பலன் ஒரு நாள், ரெண்டு நாள் வரைக்கும் இருக்கும், அதனால தொடந்து ரெண்டு நாளுக்கு மேல நடக்காம விட்டுறாதீங்க.

சீனி வாற மாதிரி இருக்கு, இன்னும் வரலன்னு சொன்ன ஆளுங்களுக்கு இது இன்னும் முக்கியம். அமெரிக்காவுல 3,000 பேருக்கு மேல வச்சு செஞ்ச ஆய்வு 2002ல வந்துச்சு, கெழமைக்கு 150 நிமிஷம் அசைஞ்சு, சாப்பாட்ட திருத்தி, எடையையும் கொஞ்சம் கொறச்ச கூட்டத்துல சீனி வருத்தம் வாறது 58 வீதம் கொறஞ்சிச்சு, மெட்ஃபோமின் மாத்திர மட்டும் குடிச்ச கூட்டத்துல 31 வீதம்தான். அது வெள்ளக்காரங்க ஒடம்புன்னு சொல்லுவீங்க, சென்னையில நம்மள மாதிரி சோறு சாப்புடுற ஆளுங்கள வச்சு செஞ்சது 2006ல வந்துச்சு, அங்கயும் 28 வீதத்துக்கு மேல கொறஞ்சிச்சு. இத வாசிச்சிட்டு மாத்திரைய நிப்பாட்டிறாதீங்க, மாத்திரைய கூட்டுறதும் கொறைக்கிறதும் டொக்டர் வேல. நடக்குறது உங்க வேல.

ஏத்தம் நல்லதா, எறக்கம் நல்லதா?

எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது, நம்ம ஆளுங்களுக்குன்னே வந்த மாதிரி ஒரு ஆய்வு இருக்கு. ஆஸ்திரியாவுல மலப்பக்கம் கொஞ்ச பேர ரெண்டு மாசம் மல ஏற மட்டும் சொன்னாங்க, எறங்குறப்ப கேபிள் கார். பெறகு ரெண்டு மாசம் மாத்தி, கேபிள் கார்ல மேல போயி நடந்து எறங்கணும். ரெண்டுலயும் கெட்ட கொலஸ்ட்ரோல் கொறஞ்சிச்சு. ஏறினப்ப ட்ரைகிளிசரைட்டுன்ற ரத்தக்கொழுப்பு கொறஞ்சிச்சு, எறங்கினப்ப சீனிய தாங்குற சக்தி நல்லாச்சு. எறக்கத்துல சும்மா காலு தானா போகுதுன்னு நெனைக்கிறோம், ஆனா தொடத்தசை நீண்டுக்கிட்டே ஒடம்ப புடிச்சு நிப்பாட்டுது, அது ஒரு பெரிய வேல.

நம்ம ஊர்ல பாதி பேருக்கு வீடு மேல, டவுன் கீழ. போறப்ப நடந்து எறங்கி, சாமானோட வாறப்ப த்ரீவீல்ல வாற அம்மா ஒருத்தவங்க "நான் சோம்பேறி மிஸ்ஸி, எறக்கம் மட்டும்தான் நடப்பேன்"னு வெக்கப்பட்டு சொன்னாங்க. வெக்கப்பட வேணாம்மா, அந்த எறக்கமும் உங்க சீனிக்கு மருந்துதான்னு சொன்னேன். ஒண்ணு மட்டும், ரொம்ப நாள் கழிச்சு எறங்கினா அடுத்த நாளும் அதுக்கடுத்த நாளும் தொட கடுக்கும். அது வருத்தம் இல்ல, மூணு நாலு நாள்ல போயிரும், அடுத்த தடவ அவ்வளவு கடுக்காது.

முழங்கால் வலிக்கு நடந்தா இன்னும் தேயாதா?

தேயுதுன்னு பயந்து உக்காந்தாதான் மோசம். முழங்கால சுத்தி இருக்குற தசைதான் அந்த மூட்டோட பாரத்த தாங்குது, உக்காந்தே இருந்தா அது மெலியும், பாரம் முழுக்க மூட்டுல எறங்கும். முழங்கால் தேய்வுக்கு எக்சசைஸ் மொதல் வைத்தியங்கள்ல ஒண்ணு. ஆனா வலி உள்ளவங்களுக்கு எறக்கம்தான் கூடுதலா கஷ்டம், அதனால செங்குத்து படியில எறங்காம ரோட்டு வழியா சுத்தி வாங்க, சின்ன சின்ன அடியா வைங்க, கையில ஒரு கம்பு வச்சிக்கங்க, மழ காலத்துல அது வழுக்கலுக்கும் ஒதவும். வீட்டுல கதிரையில உக்காந்து ஒரு கால நேரா நீட்டி 5 எண்ணி எறக்குங்க, காலுக்கு 10 தடவ. மூட்டு வீங்கி சூடா இருந்தா நடக்காம வந்து காட்டுங்க.

இருதயத்துக்கு நல்லதுன்றாங்க, யாராவது பாத்தாங்களா?

பாத்தாங்க, அதுவும் பஸ்ஸுல. லண்டன்ல ஜெரி மொரிஸ்னு ஒரு டொக்டர், 1953ல வந்த ஆய்வு. மாடி பஸ்ஸோட ட்ரைவர் நாள் முழுக்க உக்காந்திருக்காரு, கண்டக்டர் டிக்கட் குடுக்க நாள் முழுக்க படி ஏறி எறங்குறாரு, ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஆளுங்க. ட்ரைவருங்கள விட கண்டக்டருங்களுக்கு மாரடைப்பு கொறைவு. அந்த டொக்டர் தானும் எக்சசைஸ் செஞ்சு 99 வயசு வரைக்கும் இருந்தாரு. ஹட்டன்ல இருந்து மஸ்கெலியா போற பஸ்ஸுல வளைவுக்கு வளைவு கம்பிய மாத்தி மாத்தி புடிச்சிக்கிட்டு போற கண்டக்டர் தம்பிய பாக்குறப்ப எல்லாம் எனக்கு இந்த கத ஞாபகம் வரும்.

பிரசர் உள்ளவங்க ஒழுங்கா நடந்தா மேல் பிரசர் 5ல இருந்து 8 வரைக்கும் கொறையலாம். தூக்கம் நல்லா வரும், மனசு பாரம் கொறையும், மார்பு புத்துநோய், பெருங்குடல் புத்துநோய் வாற ஆபத்தும் கொறையுது.

நான் த்ரீவீல் ஓடுறேன். நாள் முழுக்க அலைச்சல்தானே?

அலையுறது வண்டி தம்பி, நீங்க உக்காந்திருக்கீங்க. கார்மண்ட்ஸ்ல மெஷினுக்கு முன்னால இருக்குற தங்கச்சிமாருக்கும் இதேதான். கெண்டக்கால் தசை சுருங்கினாத்தான் கால்ல எறங்கின ரத்தம் மேல ஏறும், மணிக்கணக்கா தொங்க போட்டா காலு வீங்கும். ஸ்டாண்டுல ஹயர் வாற வரைக்கும் சீட்ல போன் பாக்காம எறங்கி நில்லுங்க, குதிகால தூக்கி தூக்கி எறக்குங்க 20 தடவ, டவுன ஒரு சுத்து சுத்தி வாங்க.

மழ, அட்ட, குளவி, சிறுத்த. இந்த ஊர்ல எங்க மிஸ்ஸி நடக்குறது?

சரியான பயம். குளவிக்கூடு இருக்குற மரம் எந்த மலையில இருக்குன்னு கொழுந்து எடுக்குறவங்களுக்கு தெரியும், கேட்டுட்டு அந்த பக்கம் போகாதீங்க. விடியமுந்தியும் இருட்டினதுக்கு பெறகும் தேயிலக்குள்ள தனியா வேணாம், வெளிச்சம் வந்து லயத்து ரோட்டுல, கோயில் முத்தத்துல, பள்ளிக்கூட மைதானத்துல ரெண்டு மூணு பேரா நடங்க. ரயில் பாதையில நடக்குற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, காதுல ஹெட்செட்ட போட்டுக்கிட்டு தயவுசெஞ்சு நடக்காதீங்க, பனி மூட்டத்துல ரயில் கிட்ட வந்த பெறகுதான் தெரியும்.

மழ விடாத மாசத்துல வீட்டுக்குள்ளேயே செய்ங்க. வாசப்படியில ஒரு கால வச்சு ஏறி எறங்குறது 10 நிமிஷம், சுவத்துல கைய ஊண்டி தள்ளுறது 10 தடவ, கதிரையில இருந்து கைய ஊண்டாம எந்திரிச்சு உக்காருறது 10 தடவ. தசைக்கு பலம்னு மேல சொன்னேனே, இதுதான் அது, ஜிம் வேணாம். கூதல் காலையில வீசிங் உள்ளவங்க மூக்க துணியால மூடிக்கங்க, பம்ப பையில வச்சிக்கங்க.

நடந்தா மெலியுமா?

நடந்து மட்டும் ரொம்ப மெலிய ஏலாது, சாப்பாடும் கொறையணும். ஆனா எட கொறையாட்டியும் மேல சொன்ன நன்மையில பெரும்பாலானது கெடைக்கும், அதனால தராச பாத்து நடக்குறத விட்டுறாதீங்க.

சீனிக்கு இன்சுலின் போடுறவங்க நடக்கலாமா?

நடக்கலாம், நடக்கணும். ஆனா இன்சுலினும் சில மாத்திரைகளும் போட்டா நடக்குறப்ப சீனி சட்டுன்னு எறங்கலாம். கை நடுங்கி, வேர்த்து, கண்ணு இருட்டினா நில்லுங்க, பையில ரெண்டு டொஃபி எப்பவும் இருக்கட்டும். வெறும் வயித்துல தூரம் போகாதீங்க. கால்ல உணர்வு கொறஞ்சவங்க வெறுங்காலோடயும் தேஞ்ச ரப்பர் செருப்போடயும் நடக்கவே கூடாது, மூடின சப்பாத்து, சொக்ஸ். வீட்டுக்கு வந்து ரெண்டு பாதத்தையும் வெளிச்சத்துல பாருங்க, விரல் இடுக்குல அட்ட கடிச்ச காயம் இருந்தா சவக்காரம் போட்டு கழுவி தொடச்சு வைங்க, சொறியாதீங்க. எங்க அம்மாவுக்கு தொடங்கினது அவ்வளவு சின்ன காயத்துலதான்.

80 வயசு அம்மாச்சி. இனி எதுக்கு அவங்கள தொந்தரவு பண்ணனும்?

விழாம இருக்கத்தான். 65 வயசுக்கு மேல கெழமையில மூணு நாளாவது நிதானத்துக்கும் பலத்துக்கும் பயிற்சி வேணும்னு சொல்றாங்க. மேசைய புடிச்சிக்கிட்டு ஒத்தக்கால்ல 10 எண்ணுற வரைக்கும் நிக்கட்டும், பக்கத்துல நீங்க நில்லுங்க. வழுக்குற படியில விழுந்து இடுப்பு ஒடஞ்சா அந்த வயசுல எழுப்புறது எவ்வளவு கஷ்டம்னு வார்டுல தெனமும் பாக்குறேன்.

சிவனொளிபாத மலைக்கு போகப்போறோம். நேரா போயிரலாமா?

நல்லதண்ணி பக்கம் 5,000த்துக்கு மேல படி. ஒரு மாசத்துக்கு முந்தியே ஏத்தம் எறக்கம் பழகுங்க, மேல போறதுக்கு மட்டும் பழகிட்டு எறங்குறப்ப முழங்கால் ஆடி நிக்கிறவங்கதான் கூட. நெஞ்சு வருத்தம் உள்ளவங்க கிளினிக்ல கேட்டுட்டு போங்க.

எப்ப நிப்பாட்டி ஒடனே ஆஸ்பத்திரிக்கு வரணும்?

நெஞ்சு அழுத்துற மாதிரி, இடது கைக்கோ தாடைக்கோ ஓடுற மாதிரி வலி, வழக்கமில்லாத மூச்சு முட்டல், மயக்கம், ஒரு பக்கம் கை கால் விழுறது. கேஸ் பிரச்சினன்னு வெந்தயம் முழுங்கிட்டு படுக்காதீங்க, 1990க்கு அடிங்க, அம்புலன்ஸ் காசு இல்லாமதான் வரும். 35 வயசு தாண்டி இன்னும் ஒரு தடவகூட சீனி, பிரசர் பாக்காதவங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்னு இருக்கு, அங்கயும் காசு கெடையாது.

சும்மா நடந்தா "எங்க போற, வேல வெட்டி இல்லையா"ன்னு கேக்குறாங்களே?

எங்க அம்மாவும் இதத்தான் சொன்னாங்க. கூடையும் இல்லாம, கடப்பையும் இல்லாம வெறுங்கையோட ஒரு பொம்பள ரோட்டுல நடந்தா நம்ம பக்கம் கேள்வி வரத்தான் செய்யும். அதனால மொத மாசம் கையில ஒரு பூத்தட்ட குடுத்து, கீழ லயத்து மாரியம்மன் கோயில் வரைக்கும் போயிட்டு வாங்கன்னு அனுப்பினேன். போக 12 நிமிஷம், ஏறி வர 20. ரெண்டாவது மாசம் பக்கத்து காம்பரா பெரியம்மா சேந்தாங்க, பெறகு கால் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இன்னும் மூணு பேரு. இப்ப அஞ்சு பேரும் சாயங்காலம் நாலரைக்கு கெளம்பிருவாங்க, தட்டு வீட்டுலதான் இருக்கு, யாரும் எங்க போறீங்கன்னு கேக்குறதில்ல. அம்மாவோட புண்ணு ஆற நாலு மாசம் போச்சு, மூணு மாச சீனி கணக்கு போன தடவ கொறஞ்சிருந்துச்சு, டொக்டர் மாத்திரைய கூட்டல. அந்த கதிரைய இப்ப நான்தான் வாசல்ல போட்டுக்கிட்டு, அவங்க ஏத்தம் ஏறி வாறத பாத்துக்கிட்டு இருப்பேன்னு நெனைக்காதீங்க, லீவு நாள்ல ஆறாவது ஆளா நானும் போறேன்.